ஜாம்பி நிற்க இடமில்லாத அறை

கோம்பர் மடம்
6 ஜனவரி 2013

அன்புள்ள டெஸ்,

இருமலைத் தவிர மற்றபடி நலம். இந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் காட்டினாயா, இல்லை, வழக்கம்போல் "தானாகச் சரியாகும்" என்று பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாயா? நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் கேக்கில் பிராந்தி கொஞ்சம் தூக்கல். சகோதரி டொமினிக் இரண்டாம் துண்டைக் கேட்டு வாங்கினார். எண்பத்தெட்டு வயதில் அவருக்கு யார் தடை சொல்வது?

உன் கடிதத்தை மாலைப் பேச்சு வேளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "விளையாட மேசை மேல் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருக்கிறேன், செத்தவர்கள் எழுந்து நடமாடும் ஊர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் மழையைப் பற்றி ஆரம்பித்துவிட்டாய். நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்து, கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் மட்டும் பேசுகிறவர்களிடம் இப்படி ஒரு வரியைப் போட்டால் என்ன ஆகும்?

"செத்தவங்க எதுக்கு எந்திரிக்கிறாங்க? தீர்ப்பு நாளா?" என்று டொமினிக் கேட்டார்.

"தீர்ப்பு நாள்னா அவங்களுக்கு ஏன் பசிக்கணும்?" என்றார் எங்கள் தலைவி மதர் ஆக்னஸ். எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார் போல.

"அப்ப ஆன்மா இருக்கா, இல்லையா? அதை மொதல்ல கேட்டு எழுது" என்றார் டொமினிக்.

ஆகவே கேட்கிறேன். ஆன்மா இருக்கிறதா? ஊர் எவ்வளவு பெரியது? யார் விளையாடுகிறார்கள்? யார் ஜெயிப்பார்கள்?

இன்னொரு செய்தி. இலையுதிர் காலத்துக்குள் இந்த மடத்தை மூடிவிடப் போகிறார்கள். கூரை ஒழுகுகிறது, நாங்களும் ஏழு பேர்தான் மிச்சம். ஸ்காட்லாந்தில் எங்கள் சபையின் மடம் ஒன்றில் எல்லோருக்கும் இடம் இருக்கிறதாம்.

கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொள்.

அன்புடன்,
பிப்
(உனக்கு அக்கா, இங்கே எல்லோருக்கும் சகோதரி எடித்)


ஹேவர்லி
20 ஜனவரி 2013

அன்புள்ள பிப்,

இருமலுக்குத் தேன் குடி. முழங்காலை மருத்துவரிடம் காட்டினேன். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார். இந்த நாட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல அவருக்குத் தைரியம்தான்.

மடத்தை மூடுவது வருத்தமாக இருக்கிறது. ஸ்காட்லாந்து இன்னும் குளிராயிற்றே. கம்பளிக் காலுறை அனுப்புகிறேன்.

டொமினிக்கிடம் சொல்: தீர்ப்பு நாள் இல்லை, ஏதோ காய்ச்சல். செத்தவன் எழுந்து, பசியோடு, சத்தம் கேட்கும் திசையில் நடப்பான். அவன் பெயர் ஜாம்பி. அவனுக்கு ஆன்மா உண்டா என்று எங்கள் விதிப் புத்தகத்தில் இல்லை. எவ்வளவு தூரம் நடப்பான் என்று மட்டும் இருக்கிறது. நாங்கள் ஆளுக்கு நான்கைந்து பேரை, தப்பிப் பிழைத்தவர்களை, வைத்துக்கொள்வோம். கட்டைவிரலில் பாதி உயரப் பொம்மைகள், காலடியில் காசளவு வட்டத் தட்டு. பகடை உருட்டி, ரொட்டியும் மருந்தும் தேடி ஊருக்குள் போய், திரும்பி வந்துவிட்டால் ஜெயம். பெரும்பாலும் வருவதில்லை.

எனக்கு ஜெயிப்பதை விட ஊர் கட்டுவதுதான் பிடித்திருக்கிறது. சுவர் தெர்மகோல். தரைப்பலகை, காப்பிக் கடையில் சும்மா கிடைக்கும் கலக்கும் குச்சி. இடிபாட்டுக்குப் பூனை மலம் கழிக்கும் மண் (புதுசு, பயப்படாதே). காய்ந்த டீத்தூளைத் தூவினால் உதிர்ந்த இலை. ஒவ்வொரு வீட்டுக் கூரையும் கழற்ற வரும், அப்போதுதான் பொம்மையை உள்ளே வைக்க முடியும்.

எங்கள் விளையாட்டு மன்றத்தில் க்வென் என்று ஒருத்தி, தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. பொம்மைகளுக்கு வண்ணம் அடிப்பது அவள், ஊர் நான். ஜூன் மாதம் ஒரு பெரிய கண்காட்சி வருகிறது, அங்கே எங்கள் மேசையைப் போடப் போகிறோம்.

ஊர் உன் பழைய அறையில்தான் இருக்கிறது. வேறு இடமில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
டெஸ்


கோம்பர் மடம்
9 பிப்ரவரி 2013

அன்புள்ள டெஸ்,

தேன் வேலை செய்தது. காலுறைகளை ஏழு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

அறையைப் பற்றி என்ன தப்பாக எடுத்துக்கொள்ள? பதினெட்டு வயதில் விட்டுவிட்டு வந்த அறை. ஜாம்பிகள் சந்தோஷமாக இருக்கட்டும்.

ஆனால் கடிதத்தோடு நீ வைத்திருந்த ஊர் வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வங்கி எங்கே? மூலையில் வங்கி இருக்க வேண்டிய இடத்தில் காப்பிக் கடை என்று எழுதியிருக்கிறாய். தபால் நிலையம் ஏன் மளிகைக் கடைக்குள் இருக்கிறது? தொலைபேசிக் கூண்டுக்குள் புத்தகம் அடுக்கியிருப்பது உன் கற்பனையா, நிஜமாகவே அப்படியா? பல் மருத்துவரிடம் போகும்போது கார் கண்ணாடி வழியாக நான் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். அது போதவில்லை.

மீன் வறுவல் கடைக்கும் துணி துவைக்கும் கடைக்கும் மேலே ஜன்னல் வரைந்திருக்கிறாயே, அங்கே யார் குடியிருக்கிறார்கள்? கடைக்காரரா, வாடகைக்கு யாராவதா? மாடிப்படி கடைக்குள்ளேயா, பின்பக்கமா?

இதோடு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். பூசையில் நாக்கில் வைக்கும் ஓஸ்தி அப்பத்தைக் கோயில்களுக்கு நாங்கள் சுடுவது உனக்குத் தெரியும். வட்டமாக வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் மாவுத் தகடு இது. பூசையில் வைத்ததல்ல, தாராளமாகத் தொடலாம், தின்னலாம். ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்ததும் உன் ஊர் ஞாபகம் வந்தது. எதற்காவது ஆகுமா?

புதன்கிழமை தவக்காலம் ஆரம்பம். ஈஸ்டர் வரை எழுதவும் மாட்டேன், வந்த கடிதத்தைப் பிரிக்கவும் மாட்டேன். கேள்விகளை மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொள்வேன். அதற்குத் தடை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிப்


ஹேவர்லி
2 மார்ச் 2013

அன்புள்ள பிப்,

ஈஸ்டர் கழிந்துதான் இதைப் பிரிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் இப்போதே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். முழங்கால் தேவலை. நீ சாப்பிடுகிறாயா? தவக்காலம் என்று ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே.

உன் மாவுத் தகடு! ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்துக்கு அந்த ஓட்டைத் தகடு கைப்பிடிச் சுவர் மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. ஒட்டிவிட்டு, ரொம்ப சாமர்த்தியமாக, தண்ணீர் கலந்த சாம்பல் வண்ணத்தை அடித்தேன். பாலம் என் கண் எதிரிலேயே கூழாகிவிட்டது.

க்வென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது நாக்குல வச்சா கரையத்தானே செஞ்சிருக்காங்க! அதுல போயி தண்ணி வண்ணத்தை அடிக்கிறியே, நீயெல்லாம் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனவனா?"

"சின்ன வயசுல போனேன்."

"அப்ப கவனிச்சிருக்கணும்."

கூழைத் துடைத்து எறியப் போனேன். அவள்தான் கையைப் பிடித்தாள். கூழ் வழிந்து, பாலத்தை ஒட்டி நான் கட்டியிருந்த மருத்துவமனைச் சுவரில் அப்பியிருந்தது. காய்ந்ததும் பார்த்தால், நனைந்து உப்பிப் பெயர்ந்த காரை மாதிரி அச்சு அசலாக இருக்கிறது. அதைப் போல ஓர் அழுகிய சுவரை நான் இத்தனை வருஷத்தில் செய்ததில்லை. மன்றத்தில் எல்லோரும் எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை. மிச்சத் தகட்டை நானும் க்வென்னும் டீயில் தோய்த்துத் தின்றுவிட்டோம்.

உன் கேள்விகளுக்கு: தொலைபேசிக் கூண்டில் புத்தகம் நிஜம்தான், இப்போது அதில் யாரும் பேசுவதில்லை, சின்ன நூலகமாக்கிவிட்டார்கள். வங்கி போனதும் நிஜம்தான். மீன் கடைக்கு மேலே மீன் கடைக்காரர். துணி துவைக்கும் கடைக்கு மேலே யாரும் இல்லை, வெறும் பெட்டிதான், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. மாடிப்படி பின்பக்கம் வைக்கலாமா?

ஈஸ்டர் வாழ்த்துகள், முன்கூட்டியே.

டெஸ்


கோம்பர் மடம்
5 ஏப்ரல் 2013

அன்புள்ள டெஸ்,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். இருமல் போயே போய்விட்டது. நீயும் சுகம்தானே?

பாலம் கரைந்த கதையைப் படித்தபோது சகோதரி டொமினிக் சிரித்துச் சிரித்து, பல்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சுவர் உள்ள மருத்துவமனைக்கு எங்கள் மடத்தின் பெயரை வைக்க வேண்டுமாம். மதர் ஆக்னஸுக்கு இது ரசிக்கவில்லை. "இருக்குற மடமே இடியுது, அங்கேயும் போயி இடியணுமா?" என்றார்.

எல்லோரும் ஒரே குரலில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறோம். தப்பியவர்கள் கோயிலுக்குள் ஒளியக் கூடாது. கோயிலில் குசுகுசுத்தால் கூட எதிரொலிக்கும். நாங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

என் கேள்விகள். தப்பியவர்கள் எப்போதும் கூட்டமாகத்தான் இருக்க வேண்டுமா? தனி ஆளாக ஒருவர், ஒரு பெண் என்று வைத்துக்கொள், பிழைக்க முடியுமா? துணி துவைக்கும் கடைக்கு மேலே அவளை வைத்தால் அவளுக்கு என்னென்ன தேவைப்படும்? அடுப்பு இருக்குமா, மின்சாரக் கெட்டில் போதுமா? இப்போதெல்லாம் பேருந்தில் ஓட்டுநரிடம் சில்லறை கொடுக்கிறார்களா, அட்டையா? அந்த அட்டையை எங்கே வாங்குவது? கடையில் மனிதர் இல்லாமல் இயந்திரமே கணக்குப் போடுகிறதாமே, அதில் தப்பு செய்துவிட்டால் என்ன நடக்கும்? யாராவது திட்டுவார்களா?

படியைப் பின்பக்கம் வை. கடைக்குள் நுழையாமல் போய்வர முடிந்தால் நல்லது.

டீத்தூளைக் காய வைத்து அனுப்புகிறேன். இங்கே ஏழு பேர் குடிக்கிற டீயில் உன் ஊரில் ஒரு காடே உதிரலாம்.

பிப்


ஹேவர்லி
28 ஏப்ரல் 2013

அன்புள்ள பிப்,

சுகம். டீத்தூள் வந்தது. காட்டுக்கே போதும்.

கோயில் யோசனையை மன்றத்தில் சொன்னேன். விதியாகவே ஆக்கிவிட்டார்கள்: கோயிலுக்குள் சத்தம் இரட்டிப்பு. உங்கள் ஏழு பேருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

தனி ஆள் கேள்வி நல்ல கேள்வி. யாரும் தனியாக ஆடுவதில்லை, கூட்டமாக இருந்தால் ஒருவருக்கொருவர் காவல். ஆனால் விதியைப் புரட்டிப் பார்த்தேன். கூட்டம் நகர்ந்தால் சத்தம், சத்தத்துக்கு ஜாம்பி வரும். தனி ஆள் மெல்ல நடந்தால் பகடையே உருட்ட வேண்டாம், சத்தமே இல்லை. க்வென்னும் நானும் ஆடிப் பார்த்தோம். பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் பொம்மை, துணி துவைக்கும் கடையிலிருந்து கிளம்பி, ரொட்டி எடுத்து, ஊரைச் சுற்றிவிட்டு மாடிக்குத் திரும்பிவிட்டாள். ஒரு ஜாம்பியும் திரும்பிப் பார்க்கவில்லை. "சுத்த போர்" என்றாள் க்வென். எனக்கு என்னவோ பிடித்திருந்தது.

பேருந்தில் சில்லறையும் கொடுக்கலாம், அட்டையும் காட்டலாம். அட்டையை நாங்களே தருவோம். தெரியாதவர்கள் கேட்டால் சொல்லித்தர வேண்டும், அது எங்கள் வேலை. கடை இயந்திரத்தில் தப்பு செய்தால் விளக்கு எரியும், ஒரு பெண் வந்து ஒன்றும் பேசாமல் சரி செய்துவிட்டுப் போவாள். தினமும் நானே தப்பு செய்கிறேன். யாரும் திட்டுவதில்லை.

ஓர் அடுப்பு செய்தேன், இரண்டு தட்டு வைத்தது. கெட்டிலும் செய்தேன். கட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்.

ஸ்காட்லாந்துக்கு எப்போது கிளம்புகிறீர்கள்? சாமான் கட்ட ஆள் வேண்டுமானால் விடுப்பு போட்டுவிட்டு வருகிறேன்.

டெஸ்


கோம்பர் மடம்
19 மே 2013

அன்புள்ள டெஸ்,

நலம். நீயும் நலமாக இரு. இன்று அதிகம் எழுத நேரமில்லை. நூலகத்தைப் பெட்டியில் அடைக்கிறோம்.

கட்டில் ஜன்னலோரம். ஒற்றைக் கட்டில். ஜன்னலிலிருந்து தெரு தெரிய வேண்டும், சுவர் அல்ல. கீழே இயந்திரம் சுற்றும் சத்தம் மாடிக்குக் கேட்குமா? கேட்டால் பரவாயில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி. இரண்டு நாற்காலி வைத்தால் இடம் இருக்குமா?

அந்தப் பெண் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்க யாரும் இல்லை. எப்போது எழ வேண்டும் என்று யார் சொல்வார்கள்?

டொமினிக்குக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஜாம்பி என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

பிப்


ஹேவர்லி
30 ஜூன் 2013

அன்புள்ள பிப்,

டொமினிக் எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

கண்காட்சி முடிந்தது. பெரிய விளையாட்டு அரங்கம், வரிசை வரிசையாக மேசைகள், பன்றிக்கறி வைத்த ரொட்டி வாசனை, முதுகுப்பையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் இடித்துத் தள்ளும் ஆண்கள். எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம். மருத்துவமனைச் சுவரை எல்லோரும் படம் பிடித்தார்கள். இரண்டாம் ஆட்டத்தில் லீட்ஸிலிருந்து வந்த ஒருவர், துணி துவைக்கும் கடையின் கூரையைத் தூக்கி, மாடிக்குள் தன் ஜாம்பியை வைக்கப் பார்த்தார். வைக்க முடியவில்லை. கட்டில் இடித்தது. அந்தப் பக்கம் வைத்தால் மேசை. நடுவில் வைத்தால் இரண்டாவது நாற்காலி.

"என்னங்க இது, இங்க ஒரு பொணம் கூட நிக்க முடியலையே?" என்றார்.

அவர் சொன்னது சரி. ஊர் கட்டுவதில் முதல் பாடமே அதுதான். அறையில் பாதியைக் காலியாக விட வேண்டும், ஒரு பீப்பாய், ஒரு அலமாரி, அவ்வளவுதான், இல்லாவிட்டால் பொம்மையின் தட்டு உட்காராது. அது தெரிந்தும் நான் அந்த அறைக்கு மூன்று வாரம் உட்கார்ந்து திரைச்சீலை தைத்திருக்கிறேன்.

க்வென் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "டெஸ், இது யாரு கேட்டு செஞ்சே?"

"எங்க பிப்தான். கடிதத்துல ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தா."

"என்ன கேட்டா? எல்லாத்தையும் சொல்லு."

பேருந்து அட்டை, கடை இயந்திரம், பின்பக்கப் படி, ஒற்றைக் கட்டில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு ஒரு மாதிரி கேட்டது.

"அட மரமண்டை! இது விளையாடக் கட்டின வீடு இல்லடா. குடியிருக்கக் கட்டினது. அந்தப் பொண்ணு வெளிய வர்றதுக்கு வழி கேக்குது, நீ பாட்டுக்கு அடுப்பு செஞ்சுக்கிட்டிருக்கே!"

பிப், நான் மரமண்டைதான். மடம் மூடுகிறது என்று நீ எழுதினாய், நான் காலுறை அனுப்பினேன். உனக்கு ஸ்காட்லாந்து போக இஷ்டமில்லை. கேட்கவும் உனக்குக் கூச்சம், ஏனென்றால் உன் அறையை நான் ஜாம்பிகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஜனவரிக் கடிதத்திலேயே பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அறையைக் காலி செய்துவிட்டேன். ஊர் முழுக்க க்வென் வீட்டுக் கார் கொட்டகையில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன், ஜன்னலோரம். எப்போது வேண்டுமானாலும் வா. கேட்க வேண்டியதில்லை.

டெஸ்


ஹேவர்லி
18 ஆகஸ்ட் 2013

அன்புள்ள பிப்,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. இது தவக்காலமும் அல்ல.

நேற்று மடத்துக்குத் தொலைபேசி செய்தேன். மதர் ஆக்னஸ் எடுத்தார். "நல்லாத்தான் இருக்காங்க. எழுதுவாங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார். சகோதரி டொமினிக் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றும் சொன்னார். ரொம்ப வருத்தப்பட்டேன். நேரில் பார்க்காத மனுஷிதான், ஆனால் ஆன்மாவைப் பற்றி எங்களிடம் வேறு யாரும் கேட்டதில்லை. அவர் நினைவாக மன்றத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கட்டில் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஸ்காட்லாந்துதான் உன் இஷ்டம் என்றாலும் சரி, சொல்லிவிடு. காலி அறையைத் தாண்டி ஒவ்வொரு நாளும் போக வேண்டியிருக்கிறது, அது எனக்கு நல்லதாக இல்லை.

உன் உடம்பு சரியாக இருக்கட்டும்.

டெஸ்


துணி துவைக்கும் கடைக்கு மேல்
மில் தெரு, நெதர்ஃபோர்ட்
29 செப்டம்பர் 2013

அன்புள்ள டெஸ்,

முகவரியை இன்னொரு முறை படித்துக்கொள். அதற்குள் நான் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் இந்தப் படிகளைத் தாங்குமா என்பதுதான் என் கவலை.

உன் ஜூன் கடிதத்தை நான் பேச்சு வேளையில் படிக்கவில்லை. தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து படித்தேன், அழுதேன். டொமினிக்கிடம் மட்டும் காட்டினேன். "ஊரையே காலி பண்ணிட்டானா? கிறுக்குப் பய, நல்ல பய" என்றார். அதுதான் அவர் சிரித்து நான் பார்த்த கடைசி முறை.

ஏன் பதில் எழுதவில்லை என்று சொல்கிறேன். மூன்று வருஷம் மடத்துக்கு வெளியே வாழ அனுமதி கேட்டு நான் ரோமுக்கு எழுதியிருந்தேன். கிடைக்காவிட்டால் ஸ்காட்லாந்து, பேச்சே இல்லை. கிடைக்குமா என்று தெரியாமல் உன்னிடம் ஆசை காட்ட மனசு வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உன் கட்டில். நீ எனக்காக வெள்ளை அடித்துக் கட்டில் போட்ட அறைக்கு நான் வர மாட்டேன் என்பதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

க்வென் பாதி சரி. நான் வெளியே வரத்தான் வழி கேட்டேன். ஆனால் உன் அறையைக் கேட்கவில்லை, டெஸ். அம்மா வீட்டிலிருந்து நேராக மடத்துக்குப் போனவள் நான். ஐம்பத்தாறு வயது ஆகிறது, ஒரு நாள் கூட நான் தனியாக இருந்ததில்லை. உன் வீட்டுக்கு வந்தால் முதல் வாரம் விருந்தாளி, இரண்டாம் வாரம் அக்கா, மாதம் முடிவதற்குள் உன் சட்டைகளை நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். நீயும் தடுக்க மாட்டாய். நான் இன்னும் சகோதரிதான், ஜெபிக்கிறேன், வாக்கு மாறவில்லை. தனி ஆளாக அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க ஆசை. நீ ஆடிக் காட்டினாயே, பச்சைக் கோட்டுக்காரி ரொட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள் என்று. அதைப் படித்த மறுநாள்தான் ரோமுக்கு எழுதினேன்.

இந்த இடம் பங்குத்தந்தை பார்த்துக் கொடுத்தது. துணி துவைக்கும் கடை அமைந்தது தற்செயல், சத்தியமாக. இயந்திரச் சத்தம் கேட்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. கடை இயந்திரத்தில் முதல் நாளே தப்பு செய்தேன், விளக்கு எரிந்தது, ஒரு பெண் வந்து ஒன்றும் பேசாமல் சரி செய்துவிட்டுப் போனாள். அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. காலையில் எப்போது எழுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று எட்டு மணி வரை படுத்திருந்தேன், வேண்டுமென்றே. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

உன் பேருந்து இந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. ஒரு வாரமாக ஜன்னலில் நின்று உன் தலையைப் பார்க்கிறேன். முடி கொட்டிவிட்டது, தொப்பி போட்டுக்கொள். கையை ஆட்டலாமா என்று தினமும் நினைப்பேன். ஆனால் முதலில் கடிதம் உன் கைக்கு வர வேண்டும், நீ கோபப்படுவதானால் கோபப்பட வேண்டும், அதற்கு அவகாசம் தர வேண்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஊரைத் திரும்ப அந்த அறைக்கே கொண்டு போ. க்வென்னின் கார் மழையில் நிற்கிறதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா. க்வென்னை அடுத்த வாரம் அழைத்து வா, இந்த வாரம் நீ மட்டும். என்ன சமைப்பேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கீழே அழைப்பு மணி இல்லை. பின்பக்கப் படியேறி வந்து கதவைத் தட்ட வேண்டும். முதல் தட்டுக்கு நான் திறக்க மாட்டேன், இரண்டாவது தட்டுக்கும் திறக்க மாட்டேன், கோபித்துக்கொண்டு போய்விடாதே. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருப்பேன். என்னைத் தேடி வந்து ஒருவர் என் கதவைத் தட்டுவதைக் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
பிப்